பொருளுக்கு எதிரே ஒரு பெயர்: மலைநடை குறித்த வாசகர் கேள்விகள்

குழுவாக மலைநடைக்குச் செல்பவர்கள் பயணத்தைத் திட்டமிடுவதிலும் மூட்டை கட்டுவதிலும் கைப்பேசியையும் கணினியையும் எப்படிப் பயன்படுத்தலாம் என்பது குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்தவை. அதாவது 1989 வரை வட ஆற்காடு என்ற ஒரே பெயருக்குள் இருந்த ஊர்களிலிருந்து எழுதப்பட்டவை. ஏலகிரியும் ஜவ்வாதும் பர்வதமலையும் கண்ணெதிரே நிற்கும் ஊர்க்காரர்கள் என்பதால் கேள்விகளும் கறாராகவே இருந்தன.

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் பன்னிரண்டு பேர், ஆண்டுக்கு இரண்டு முறை ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ நடக்கப் போகிறோம். எதை யார் கொண்டுவருவது என்பதை வாட்ஸ்அப் குழுவில்தான் பேசிக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று விடுபடுகிறது, வேறொன்று நான்கு மடங்காக வந்து சேர்கிறது. இதற்கென்று தனிச் செயலி ஏதும் உண்டா?

செயலியைப் பற்றிச் சொல்வதற்கு முன் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பதினொரு பேராக ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சென்றிருந்தோம். இரவு தங்குவதற்கு ஒரு சிற்றூரில் இடம் கேட்டு வாங்கியிருந்தோம், சமைக்க அடுப்பும் எரிவாயுக் குப்பியும் வைத்திருந்தோம். மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது ஏழு பேரிடம் உப்புப் பொட்டலம் இருந்தது, ஐந்து பேரிடம் ஊறுகாய் இருந்தது, ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை. "தீப்பெட்டி மறக்க வேண்டாம்" என்று குழுவில் ஒருவர் எழுதியதையும், அதற்கு எட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தியதையும் அன்றிரவே கைப்பேசியில் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். அடுத்த வீட்டு மூதாட்டி தீப்பெட்டியைக் கொடுத்தனுப்பினார். அதோடு, "இத்தனை பேர் வந்திருக்கிறீர்களே, ஒருவருக்குக்கூட நெருப்பு நினைவு வரவில்லையா?" என்று கேட்டதையும் நாங்கள் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று தவறியது நினைவாற்றல் அன்று. எட்டுப் பேரும் நினைவில் வைத்திருந்தார்கள், ஆனால் எட்டுப் பேரும் மற்ற ஏழு பேரில் யாராவது கொண்டுவருவார்கள் என்று நம்பினார்கள். வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு பொருள் பேசப்படுகிறது, ஒருவர் தலையில் வந்து அமர்வதில்லை. அடுத்த நாற்பது செய்திகளில் அது மேலே போய் மறைந்தும் விடுகிறது. ஆகவே உங்களுக்குத் தேவை தனிச் செயலி அன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய ஒரு விரிதாள். கூகுள் ஷீட்ஸ் போதும், கட்டணம் இல்லை, கைப்பேசியிலேயே திறக்கும்.

அதில் மேலிருந்து கீழாக ஓடும் ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) வையுங்கள். முதலில் பொருளின் பெயர், அடுத்து அது தனிப் பொருளா பொதுப் பொருளா என்பது, பிறகு கிராமில் எடை, அதன்பின் சுமப்பவர் பெயர், கடைசியில் பையில் வைத்தாயிற்று என்பதற்கான குறிப்பெட்டி. இந்த ஐந்தில் நான்காவதுதான் உயிர். பொதுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும், ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். "நானோ அவரோ கொண்டுவருகிறோம்" என்று இரண்டு பெயரை எழுதினால் அந்தப் பொருள் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத கட்டம் சிவப்பாகத் தெரியும்படி விரிதாளில் நிற விதி ஒன்றை அமைத்துவிட்டால், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிவப்பு மறையும் வரை தாள் தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது பத்தி பிரித்துப் பார்க்கத்தான், தனிப் பொருள் என்று தெரிந்ததை இந்தத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. பன்னிரண்டு பேருடைய பல் துலக்கும் தூரிகையும் துண்டும் ஒரே தாளில் ஏறினால் நூற்றைம்பது வரிகள் ஆகும். அதை யாரும் படிக்க மாட்டார்கள், தீப்பெட்டி மீண்டும் காணாமல் போகும். தனிப் பொருள்களுக்கு ஒரு மாதிரிப் பட்டியலைக் கூகுள் கீப் போன்ற குறிப்பேட்டுச் செயலியில் தயாரித்து, அவரவர் படியெடுத்துத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளும்படி விடுங்கள். வாட்ஸ்அப்பைத் தேதி முடிவு செய்வதற்கு வைத்துக்கொள்ளலாம். அதிலுள்ள வாக்கெடுப்பு வசதி அந்த ஒரு வேலைக்கு நன்றாகவே உதவுகிறது.

குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் ஆறு பேர் குழுவில் இருபது வயதுப் பெண்களும் ஐம்பதைத் தாண்டிய நானும் இருக்கிறோம். எடையைச் சமமாகப் பிரிப்பதுதானே நியாயம் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது. கணக்கு எப்படிப் போட வேண்டும்?

சமமாகப் பிரிப்பது எளிது, நியாயமாகப் பிரிப்பதற்குத்தான் கணக்கு வேண்டும், அம்மா. ஒரு நாள் நடைக்குச் சுமக்கும் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கையும், இரவு தங்கும் நடைக்கு ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நடப்பவர்களிடையே வழங்கிவரும் பொது அளவு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஐந்து கிலோவும் பத்து கிலோவும் ஆகும். எழுபது கிலோ உள்ளவருக்கு ஏழும் பதினான்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் நீண்ட நாள் நடக்காதவர்களும் இதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். இளையவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டினாலே பாதி வாதம் அடங்கிவிடும்.

அடுத்த வேலை எடை பார்ப்பது. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும். பெரிய பொருள்களுக்கு, கொக்கியில் தொங்கவிட்டுப் பார்க்கும் பெட்டித் தராசு உதவும். ஒவ்வொரு பொருளையும் ஒரே ஒரு முறை எடை பார்த்துத் தாளில் எழுதிவிட்டால் அது அடுத்த ஐந்து பயணங்களுக்கும் பயன்படும். கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. இருவர் படுக்கும் சாதாரணக் கூடாரம் இரண்டு முதல் மூன்று கிலோ வரை வரும், படுக்கைப் பை ஒன்றரை கிலோ வரை வரும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் "சும்மா இருக்கட்டும்" என்று எடுத்துவைத்த மூன்று லிட்டர் குக்கரும், எவர்சில்வர் டிபன் கேரியரும், இரண்டு ஜீன்ஸ் காற்சட்டைகளும் சேர்ந்து ஒரு கூடாரத்தின் எடைக்கு மேலேயே போய்விடும் என்பது தராசில் வைத்தால்தான் தெரிகிறது.

எடை ஏறியபின் விரிதாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே உள்ள எடைகளை மட்டும் கூட்டிக் காட்டும் 'சம்இஃப்' (SUMIF) என்ற சூத்திரத்தை ஓரிடத்தில் அமையுங்கள். தாளின் கீழே ஆறு பெயர்கள், ஆறு மொத்தங்கள். அதற்குப் பக்கத்தில் அவரவர் எல்லை. ஒருவர் மொத்தம் எல்லையைத் தாண்டினால் ஒரு பொருளின் பெயரை மாற்றி எழுதினால் போதும், மொத்தங்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். லைட்டர்பேக் என்ற இணையக் கருவி இதே கணக்கை ஒருவருடைய பைக்குள் இன்னும் நுணுக்கமாகப் போட்டுக் காட்டுகிறது. உடுத்தியிருப்பது, தீர்ந்துபோவது, கடைசிவரை சுமப்பது என்று மூன்றாகப் பிரித்து வட்டப் படமாகத் தரும். தனியாக நீண்ட நடை போகிறவர்களுக்கு அது அருமையானது, குழுவாகப் பங்கு பிரிக்க விரிதாளே வசதி.

தீர்ந்துபோவது என்றேன் அல்லவா, அதில் தண்ணீர்தான் பெரிய பங்கு. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, இதில் எந்தக் கருவியும் சலுகை தராது. நம் பக்கத்து மலைகள் நிழல் குறைந்தவை, பாறை சூடேறுபவை. பகல் நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் என்று வைத்தால் உங்கள் ஆறு பேருக்குப் பதினெட்டு கிலோ. இதை ஒருவர் தலையில் கட்ட முடியாது, கட்டவும் கூடாது, ஏனென்றால் குழு பிரிந்துபோனால் ஒருவரிடம் மட்டும் தண்ணீர் இருப்பது ஆபத்து. ஆகவே தண்ணீரை அவரவரும், கூடாரம், கயிறு, முதலுதவிப் பெட்டி முதலியவற்றைத் தெம்புள்ளவர்களும் சுமப்பதாகப் பிரியுங்கள். உங்களுக்கு உணவுப் பொட்டலங்களைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஏறும்போதே அது குறைந்துகொண்டு வரும், இறங்கும்போது உங்கள் பை காலியாக இருக்கும். வயதுக்கு இந்தச் சலுகையைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வாணியம்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சென்ற டிசம்பரில் ஜவ்வாது மலையில் சிக்னல் போய்விட்டது. பட்டியல், வரைபடம், ஆட்களின் எண்கள் எல்லாம் இணையத்தில் இருந்தன. போனில் சார்ஜும் தீர்ந்தது. பவர் பேங்க் 10,000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தும் இரண்டு போன்களுக்குக்கூட வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

கணக்கைப் பார்த்தபின் முடிவு செய்வோம். எம்ஏஹெச் என்பது மில்லியாம்பியர்-மணி, மின்கலக் கொள்ளளவின் அலகு. அந்த 10,000 என்ற எண் உள்ளே இருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட் அழுத்தத்தில் சொல்லப்படுவது. 10 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி, அதுவே உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். வெளியே அது 5 வோல்ட்டாக மாற்றப்பட்டுத்தான் வருகிறது. அந்த மாற்றத்திலும், கம்பியிலும், போனுக்குள்ளே சூடாகப் போவதிலும் ஒரு பகுதி கழிந்துவிடும். இன்றைய 5,000 எம்ஏஹெச் போன் ஒன்றை அது ஒன்றேகால் முதல் ஒன்றரை முறை வரை நிரப்பினால் அது சரியாக வேலை செய்கிறது என்றே பொருள். ஆகவே கடைக்காரரிடம் போக வேண்டாம். குழுவுக்கு எத்தனை பவர் பேங்க் வேண்டும் என்பதை மட்டும் இந்த எண்ணைக் கொண்டு முடிவு செய்யுங்கள். எல்லோர் போனையும் உயிரோடு வைத்திருக்க முயல்வதைவிட, வழிகாட்டும் போன் ஒன்று, அணைத்து வைத்த மாற்றுப் போன் ஒன்று என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் மின்சாரம் ஒதுக்குவது புத்திசாலித்தனம். மற்றவர்கள் படம் எடுத்துத் தீர்த்துக்கொள்ளட்டும்.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் பயனற்றது என்று நினைப்பது சரியன்று. இடங்காட்டும் ஜிபிஎஸ் வசதி செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாகக் குறிப்பைப் பெறுகிறது, அதற்குச் செல்போன் கோபுரம் தேவையில்லை. தேவைப்படுவது முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம்தான். கூகுள் வரைபடத்தைப் பகுதி பகுதியாக இறக்கி வைக்கலாம், ஆனால் இணையம் இல்லாதபோது அது கார் வழியைக் காட்டுமே தவிர நடைவழியைக் காட்டாது. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் ஆகிய செயலிகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தைக் கொண்டு இயங்குகின்றன. அவற்றில் ஒற்றையடிப் பாதைகளும் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன, முழுப் பகுதியையும் இறக்கிக்கொள்ளலாம், முன்பு நடந்த ஒருவர் பதிவு செய்த தடக் கோப்பையும் அவற்றில் ஏற்றலாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்களும் இப்போது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உயரத்தைக் காட்டும் மேட்டுக்கோடுகளைப் படிக்கப் பழகியவர்களுக்கு அவை பெரிய உதவி.

கோபுரத்தைத் தேடித் தேடியே போன் மின்சாரத்தை வேகமாக இழக்கிறது. அதனால் மலையில் ஏறத் தொடங்கியதும் விமான முறைக்கு (ஃபிளைட் மோட்) மாற்றிவிடுங்கள். அந்த முறையிலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் இயங்கும், சரிதானா என்பதை உங்கள் வீட்டு மாடியிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்று மட்டும் பழைய முறையில் செய்யச் சொல்வேன். கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை அந்த விரிதாளைக் காகிதத்தில் அச்செடுங்கள். ஒரு பக்கம் பொருள்களும் பெயர்களும், மறுபக்கம் தொடர்பு எண்கள், ஊர்ப் பெயர்கள், எத்தனை மணிக்கு எந்த இடம் என்ற குறிப்பு. இரண்டு படிகள் இரண்டு பைகளில். மூன்றாவது படி, மலைக்கு வராமல் வீட்டில் இருக்கும் ஒருவரிடம். மாலை இத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அவசர எண்ணான 112-ஐ எந்த நிறுவனத்தின் கோபுரம் கிடைத்தாலும் அழைக்கலாம், ஆனால் ஒரு கோபுரமும் எட்டாத பள்ளத்தாக்கில் அதுவும் ஒலிக்காது.

ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர்: பயணத்தை எல்லாம் திட்டமிட்டுக் கிளம்பும் நேரத்தில், காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்று ஒருவர் தடுத்தார். உண்மையா?

உண்மைதான், திட்டத்தின் கடைசி வரியாக அன்று முதல் வரியாக வர வேண்டியதும் அதுவே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள், 23 பேர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தின் கீழ் மாநிலம் முழுவதும் 40 தடங்கள் இணைய முன்பதிவுக்குத் திறக்கப்பட்டன. எளியது, நடுத்தரமானது, கடினமானது என்று தரம் பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு அழைத்துச் செல்கிறார்கள். நம் பக்கத்தில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அந்தப் பட்டியலில் உள்ளன. காட்டுத்தீக் காலத்தில் தடங்கள் மூடப்படும் என்பதால், மாசி பங்குனியில் போக நினைப்பவர்கள் தேதி குறிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மூட்டை கட்டுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆகவே அடுப்பும், என் கதையில் வந்த தீப்பெட்டியும் ஊருக்குள் தங்கும் பயணத்துக்கு உரியவை. காட்டுத் தடத்துக்கான தாளில் அந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு, புளியோதரை, அவல், கடலை மிட்டாய் என்று சமைக்கத் தேவையில்லாத வரிகளைச் சேருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது. உணவை வாழை இலையிலோ துணிப் பையிலோ கட்டுவது எடையையும் குறைக்கிறது.

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வாசகர்: எட்டுக் கிலோமீட்டர் என்று இணையத்தில் பார்த்து இரண்டு மணி நேரம் போதும் என்று கிளம்பினோம். இருட்டிய பிறகுதான் இறங்கினோம்.

கிலோமீட்டர் என்பது தரையில் நடப்பவருக்கான அளவு. மலையில் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த எளிய கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எட்டுக் கிலோமீட்டர் தூரமும் 500 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு இது ஏறக்குறைய இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் என்று வரும். ஆனால் இது ஓய்வெடுக்காமல் நல்ல பாதையில் நடப்பவருக்கு. குழு நடப்பது அதன் மிக மெதுவான ஆளின் வேகத்தில்தான், நடுவில் செருப்பு அறுவதும் படம் எடுப்பதும் உண்டு. ஆகவே பாதியைக் கூட்டி மூன்றே முக்கால் மணி நேரம் என்று விரிதாளில் எழுதுங்கள். டிசம்பரில் நம் பக்கம் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்து, பின்னாலிருந்து முன்னாகக் கணக்கிட்டால் புறப்பட வேண்டிய நேரம் தானே கிடைக்கும்.

நேரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் தலையில் கட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். போன் வெளிச்சத்தை நம்பினால் வழிகாட்டும் கருவியும் வெளிச்சமும் ஒரே நேரத்தில் அணையும். செருப்பு அறுவதைச் சொன்னேன், அதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்குக் காலணி செய்து அனுப்புகின்றன. அந்த ஊர்களிலிருந்து மலைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ரப்பர் செருப்போடுதான் வந்து நிற்கிறார்கள்.

வேலூரிலிருந்து ஒரு வாசகி: எங்கள் குழுத் தலைவர் எல்லோருடைய ரத்த வகை, நோய்கள், மருந்துகள், வீட்டு எண் எல்லாவற்றையும் விரிதாளில் நிரப்பச் சொல்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

உங்கள் தயக்கம் சரியானதே. அந்தத் தகவல் தேவையானது, அது இருக்க வேண்டிய இடம் அந்தத் தாள் அன்று. 'இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம்' என்ற அமைப்பில் பகிரப்படும் தாள் எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. பொருள் பட்டியலைத் திறந்தே வையுங்கள். உடல்நலக் குறிப்பை ஒவ்வொருவரும் ஒரு சிறு காகிதத்தில் எழுதி உறையிலிட்டுத் தலைவரிடம் கொடுத்து, திரும்பியதும் பிரிக்காமல் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான போன்களில், பூட்டைத் திறக்காமலே பிறர் பார்க்கக்கூடிய அவசரக் குறிப்பு என்ற வசதியும் உண்டு. அதில் ரத்த வகையையும் ஒவ்வாமையையும் பதிந்துவிடுங்கள். அன்றாடம் உட்கொள்ளும் மருந்தை மட்டும் இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைத் தோழி ஒருவரின் பையில் வைக்கச் சொல்வேன். பை உருண்டு பள்ளத்தில் விழுந்ததை ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

தலைவருக்கு ஒரு சொல்: உங்கள் தடத்திலிருந்து மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் என்பது பொதுத் தாளில் இருக்கட்டும். பாம்புக்கடிக்கு முதலுதவிப் பெட்டியில் மருந்து கிடையாது. கடிபட்ட இடத்தைக் கீறாமல், இறுகக் கட்டாமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்வதுதான் முதலுதவி. வேலூருக்கு அருகே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஜவ்வாது மலையின் உட்பகுதியிலிருந்து அங்கே வந்து சேர எத்தனை மணி நேரம் என்பதைக் கிளம்புவதற்கு முன் கேட்டு எழுதிக்கொள்வதுதான் வேலை.

பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாசகர்: டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்கு எட்டுப் பேர் போகிறோம். நம்மூர்ப் பட்டியலையே வைத்துக்கொள்ளலாமா?

பத்திகளை வைத்துக்கொள்ளுங்கள், வரிகளை மாற்றுங்கள். 12,500 அடி உயரத்தில் பனியில் நடப்பதற்கான மேலாடையையும் காலணியையும் விலைக்கு வாங்க வேண்டாம், மலையடிவார ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். தாளில் 'வாடகை' என்று ஒரு பத்தி சேர்த்து அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிரில் மின்கலத்தின் திறன் குறைந்துவிடும். பகலில் போனைச் சட்டையின் உட்பையிலும் இரவில் படுக்கைப் பைக்குள்ளும் வையுங்கள், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள். விமானத்தில் போவதானால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

போளூரிலிருந்து ஒரு வாசகர்: என் தந்தை பௌர்ணமிதோறும் பர்வதமலை ஏறியவர். கையில் ஒரு தடியும் துண்டில் முடிந்த பொரியும்தான். நான் விரிதாள் போடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில் சொல்ல வேண்டாம், அவரிடம் கேளுங்கள். தென்மாதிமங்கலம் வழியில் எந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும், கடப்பாறைப் படிக்கு முன் எங்கே உட்கார்ந்து இளைப்பாறலாம், சங்கிலியைப் பிடித்து ஏறும் இடத்தில் கூட்டம் சேர்ந்தால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் ஒழுங்காகப் பதிவாகவில்லை, அவர் நினைவில் பதிவாகியிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல அதை உங்கள் தாளில் ஏற்றுங்கள். அவருடைய காலத்தில் பௌர்ணமிக் கூட்டமே ஒரு குழுவாக இருந்தது. ஒருவரிடம் இல்லாதது பக்கத்தில் ஏறுபவரிடம் இருந்தது. ஆறு பேர் மட்டும் ஒரு வார நாளில் ஏறும்போது அப்படிக் கேட்டு வாங்க ஆள் இல்லை. இரும்பு ஏணியிலும் சங்கிலியிலும் இரண்டு கையும் வேண்டும் என்பதால் அந்தத் தடியைக் கட்டித் தொங்கவிட ஒரு வார் வேண்டும். அதை மட்டும் அவருக்குச் சொல்லிப் பாருங்கள், எப்படிச் சமாளித்தேன் என்று அரை மணி நேரம் பேசுவார்.

காட்பாடி வாசகரின் இரண்டாவது கேள்வி: பயணம் முடிந்தபின் அந்த விரிதாளை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள், படியெடுத்து அடுத்த பயணத்தின் பெயரைச் சூட்டுங்கள். ஆனால் அதற்கு முன், ஊர் திரும்பும் பேருந்திலோ ஜோலார்பேட்டைச் சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதோ, களைப்பும் எரிச்சலும் இன்னும் ஆறாத அந்த அரை மணி நேரத்தில், ஆறாவது பத்தி ஒன்றைச் சேர்த்து ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 'பயன்பட்டது', 'பயன்படவில்லை', 'போதவில்லை' என்று எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டால் எல்லாமே இனிமையாகத்தான் நினைவில் இருக்கும், பிறகு உண்மை வராது. மூன்று பயணங்களில் தொடர்ந்து பயன்படாத பொருளை நீக்கிவிடலாம். முதலுதவிப் பெட்டி, மழையுறை, விசில், மாற்று டார்ச் ஆகிய நான்கையும் இந்த விதியில் சேர்க்காதீர்கள். எங்கள் தாளில் தீப்பெட்டிக்கு எதிரே மூன்று ஆண்டுகளாக என் பெயர்தான் இருக்கிறது.